வாரம் ரெண்டு நெத்திலி

டாக்டரம்மா ரூமுக்குள்ள இன்னும் பூனைக்காரங்கதான் இருக்காங்க, அடுத்தது நாம. நாமன்னா நான், மருமக சிந்துஜா, என் மடியில இந்த நீல பிளாஸ்டிக் டப்பு, டப்புக்குள்ள அப்பளம். ஆமைக்கு யாராவது அப்பளம்னு பேர் வைப்பாங்களா, இவ வெச்சிருக்கா. காலேஜ் படிக்கும்போது வாங்கினாளாம், அப்ப ஒரு சின்ன அப்பளம் அளவுதான் இருந்துச்சாம், காதோரம் ஒரு சிவப்புக் கோடு, முதுகு இலைப் பச்சை. கல்யாணத்தப்ப பீரோ கட்டில் மிக்ஸியோட இதுவும் ஒரு கண்ணாடித் தொட்டியில எங்க அயனாவரம் வீட்டுக்கு வந்து இறங்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நான் சிரிக்கல. வீட்டுக்குள்ள ஆமை வந்தா என்ன ஆகும்னு ஊர்ல சொல்றது எல்லாருக்கும் தெரியும், நான் வாய்விட்டுச் சொல்லல, மூஞ்சியில மட்டும் காட்டினேன், அது அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிருக்கும். இப்ப பாரு, நான்தான் மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நல்ல கனம். டப்புல ரெண்டு விரக்கடைத் தண்ணி, அது ஆட்டோல வரும்போதே பாதி என் வேட்டியில ஊத்திடுச்சு, ஈரம் தொடையில ஒட்டுது. அப்பளம் அசையாம கிடக்கு. நாலு காலுக்கும் பக்கத்துல ஓட்டுக்கு வெளியே சதை பிதுங்கி நிக்குது, கழுத்துகிட்ட ஒரு மடிப்பு. ஆள் நடமாட்டம் பார்த்துத் தலையை உள்ள இழுக்கப் பாக்குது, பாதிதான் போகுது, மூக்கும் கண்ணும் வெளியவே நின்னுடுது. ஓடு இருந்து என்ன பிரயோஜனம், உள்ள போய் ஒளிய முடியாத ஓடு. எதிர்ல உட்கார்ந்திருக்கற கிளிக்காரம்மா எட்டிப் பார்த்து, ஐயோ எவ்ளோ கொழுகொழுன்னு இருக்குங்கறாங்க. சிந்துஜா சிரிச்சு வெக்கறா. எனக்குத்தான் அந்தச் சொல்லு சுருக்குன்னு குத்துது.

டாக்டரம்மா முதல்ல கேக்கப்போற கேள்வி எனக்குத் தெரியும். என்ன சாப்பிடுது? போன தடவை வந்தப்பவும் அதைத்தான் கேட்டாங்க. கேட்டுட்டு விவரமாவும் சொன்னாங்க, எனக்குப் பாடமா ஞாபகம் இருக்கு: கீரையும் ஆமைத் தீனியும்தான் சாப்பாடு, மீன் சும்மா ஆசைக்கு, நம்ம வீட்டுல ஸ்வீட் குடுக்கறாப்பல, வாரம் ரெண்டு நெத்திலி போதும், அதுக்கு மேல போச்சுன்னா கொழுப்பு சேரும், ஈரலும் கிட்னியும் கெட்டுப்போகும், அப்புறம் கீரையைத் திரும்பிக்கூடப் பாக்காது. சிந்துஜா தலையாட்டினா. நானும் ஆட்டினேன். வீட்டுல பகல் முழுக்க இருக்கறவன் நான், அவளும் என் பையன் ஹரியும் ஆபீஸ் போயிடுவாங்க, அதனால மாமா பாத்துக்குவார்னு அவளே சொன்னா. பெருமையாச் சொன்னா. ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்தவர், ஒழுங்குன்னா அவர்கிட்டதான் கத்துக்கணும்னா. இப்ப அவ மடியில பெரிய கவர்ல எக்ஸ்ரே இருக்கு, காலைல எடுத்தது, அதை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்கறா, அவளுக்கு என்ன புரியும், எனக்கு என்ன புரியும். நான் சுவத்துல ஒட்டியிருக்கற நாய் படத்தைப் பாக்கறேன். ஏன் பாக்கறேன்னா அவ மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல. இந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரிஞ்ச பார்வை. பெட்டிக்குள்ள நான் ஏறினதும் டிக்கெட் இல்லாதவன் இப்படித்தான் ஜன்னலுக்கு வெளியே பாப்பான், வெளியே ஒண்ணுமே இருக்காது, கும்மிருட்டு, இருந்தாலும் பாப்பான். ஒருத்தன் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவான். ஒருத்தன் கக்கூஸ் போயிடுவான். வாசல்லயே நின்னு காத்திருப்பேன், எனக்கு அதுல ஒரு ருசி. வெளிய வந்து வயிறு சரியில்ல சார்ம்பான், பெட்டியே சிரிக்கும். சரி, இப்ப நான் ரிசப்ஷன் பொண்ணுகிட்ட மெதுவா எழுந்து போய் என்ன கேட்டேன்? பாத்ரூம் எந்தப் பக்கம்மான்னு கேட்டேன். அவசரம் ஒண்ணும் வராமலே கேட்டேன். படி இறங்கி வெளியேன்னு சொல்லிச்சு, திரும்பி வந்து உட்கார்ந்துட்டேன். அடத் தூ.

வைகாசியில எனக்கு நெஞ்சு வலி வந்துச்சு, அதுலேருந்துதான் எல்லாம். ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டு, குழாயில ஸ்டென்ட்டோ என்னவோ வெச்சாங்க. அந்த நேரம் வெளிய வராண்டால நின்னு சிந்துஜா பெருமாளுக்கு வேண்டிக்கிட்டாளாம், மாமா பொழைச்சு வீட்டுக்கு வந்தா புரட்டாசி முடியற வரைக்கும் வீட்டுல கவிச்சி கிடையாது, கடைசிச் சனிக்கிழமை தளிகை போடறேன்னு. எல்லாரும் புரட்டாசி ஒரு மாசம்தான் விரதம் இருப்பாங்க, இவ வைகாசியிலயே ஆரம்பிச்சுட்டா. சொந்த மகன் வேண்டிக்கல, அவன் லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தான், அதை அவனே சொன்னான். இவ திருவொற்றியூர்ப் பொண்ணு. மீன் இல்லாம சோறு இறங்காது இவளுக்கு, கல்யாணம் ஆன புதுசுல காலைல பழைய மீன் குழம்பை இட்லிக்கு ஊத்திச் சாப்பிடறதைப் பார்த்து எனக்கே பொறாமையா இருக்கும். அப்படிப்பட்டவ அம்மா வீட்டுக்குப் போனாக்கூட ரசம் சோறு சாப்பிட்டுட்டு வருவா. எதுக்கு? என் உசுருக்கு. அப்ப ஆமைக்கு என்ன பண்றதுன்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சா. அது வாயில்லா ஜீவன், அது ஒண்ணும் வேண்டிக்கல, டாக்டர் சொன்னது சொன்னதுதான், வாரம் ரெண்டு நெத்திலி அதுக்கு மட்டும் வரட்டும், பின்பக்கத்துல வெச்சே கழுவிக் குடுத்துடுங்க மாமான்னு என்கிட்ட ஒப்படைச்சா. அந்த வீட்டுல மீன் தின்ன அனுமதி இருந்த ஒரே ஜீவன் அப்பளம். மீன்கார அம்மா கன்னியம்மா ரெண்டு நெத்திலி எல்லாம் விக்காது. கால் கிலோவாவது வாங்கு நைனாங்கும். வாங்கினேன். மிச்சத்தை மாடிப் பூனைக்குப் போட்டுடுங்கன்னு சிந்துஜா சொல்லியிருந்தா. முதல் வாரம் போட்டேன், பெருமாள் மேல சத்தியமா போட்டேன். ரெண்டாவது வாரமும் போட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பூனை எங்க போச்சுன்னு நான் தேடல.

பகல்ல வீடு எப்படி இருக்கும்னு யாருக்காவது தெரியுமா. ஃபேன் சத்தம், ஃப்ரிட்ஜ் சத்தம், கீழ் வீட்டு டிவி. ஹாட்பாக்ஸ்ல சாம்பார் சாதம், மேல ஒரு தட்டு மூடியிருக்கும். என் சம்சாரம் ரஞ்சிதம் இருந்தவரைக்கும் நான் எந்த நேரத்துக்கு டியூட்டி முடிஞ்சு வந்தாலும் அவ சாப்பிடாம இருப்பா, ரெண்டு தட்டு வெப்பா, தூக்கக் கலக்கத்துல ஊர்க்கதை பேசிக்கிட்டே சாப்பிடுவா. அதனால எனக்குத் தனியா உட்கார்ந்து சாப்பிடற பழக்கமே வரல. அவ போய் மூணு வருஷம் ஆகுது, இன்னும் வரல. மூணாவது வாரம் கால் கிலோ நெத்திலி அடுப்பு மேடை மேல கிடக்கு, ஆமைக்கு ரெண்டு எடுத்துட்டேன், மீதி பளபளன்னு என்னைப் பாக்குது. தூக்கிப்போட வெச்சிருந்த பழைய தோசைக்கல்லை எடுத்தேன். மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு, ஒரு சொட்டு எண்ணெய். எனக்கு வறுத்தது ஆகாதுன்னு டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாதா, தெரியும். வேண்டுதல் தெரியாதா, தெரியும். அந்த வாசனை வந்துச்சு பாரு, அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல. தின்னுட்டுப் புளியைப் போட்டுக் கையைத் தேய்ச்சேன், தோசைக்கல்லைச் சிலிண்டருக்குப் பின்னாடி வெச்சேன், வாசனை போக சாம்பிராணி போட்டேன். சாயங்காலம் வந்த ஹரி என்னப்பா இப்பல்லாம் பக்தி ஜாஸ்தியாயிடுச்சேன்னான். எதிர் வீட்டம்மாகிட்ட சிந்துஜா, எங்க மாமா தினமும் சாம்பிராணி போடறார்னு சொல்லியிருக்கா, அந்தம்மா என்னைப் பார்த்துக் கும்பிடறாங்க. கும்பிடறாங்கய்யா என்னை. வாரம் ஒரு தடவைங்கறது ரெண்டாச்சு, அப்புறம் தினப்படி ஆயிடுச்சு. வாசல்ல கூடையை இறக்கி வெச்சுட்டுக் கன்னியம்மா ஒரு நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. "ஏன் நைனா, வூட்ல எத்தினி ஆமை கீது?" நான் சில்லறை தேடற மாதிரி பையைத் தடவிக்கிட்டே உள்ள வந்துட்டேன்.

அதுவாவது என்னோட போயிருக்கணும். நான் தின்னேன், தப்பு, என் பாவம் என்னோட. இதை எதுக்கு இழுத்தேன்? தட்டை எடுத்துக்கிட்டுத் தொட்டிப் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தா அது கண்ணாடிக்கிட்ட வந்து நிக்கும். முன்னங்கால் ரெண்டையும் தூக்கித் தட்டும், கழுத்தை நீட்டும், வாயைத் திறந்து மூடும். அந்த வீட்டுல பகல்ல என்னைப் பார்த்து எதிர்ல வர்ற ஒரே ஆள். நான் ஒண்ணு வாயில போட்டா அதுக்குப் பச்சையா ஒண்ணு போடுவேன். ருசி எப்படின்னு கேப்பேன். உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சும்பேன். அது முழுங்கிட்டு மறுபடி பாக்கும். இன்னும் ஒண்ணுதானேன்னு போடுவேன். திருடன் தனியாத் திருடினாத்தான் திருடன், கூட ஒரு ஆள் இருந்தா மனசு லேசாயிடுது, நான் பார்க்காத கூட்டமா, அஞ்சு பேரா டிக்கெட் இல்லாம வர்றவன் சீட்டாடிக்கிட்டு வருவான், ஒத்தையா வர்றவன்தான் நடுங்குவான். நான் நடுங்கக் கூடாதுன்னு இதுக்கு ஊட்டினேன். முருங்கைக்கீரையும் ஆமைத் தீனியும் தண்ணியில ஊறி அழுகி மிதக்கும், சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள வலையால எடுத்து வெளிய கொட்டிடுவேன், நல்லாச் சாப்பிட்டுச்சா மாமான்னு கேட்டா சாப்பிட்டுச்சும்மான்னு சொல்லுவேன். அது பொய்யில்ல. என்ன சாப்பிட்டுச்சுன்னுதான் சொல்லல. புரட்டாசி முடிஞ்சு ஐப்பசி முதல் ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் வாங்கி வறுத்து எனக்குத்தான் முதல்ல நடுத்துண்டு வெச்சா. அஞ்சு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தீங்க மாமா, சாப்பிடுங்கன்னா. ஹரி எதிர்ல வெச்சு சொன்னா. நான் தலையைக் குனிஞ்சு முள் எடுத்தேன், வஞ்சிரத்துல என்ன முள் இருக்கு, இல்லாத முள்ளை எடுத்தேன். அன்னைக்கு மத்தியானம்தான் பழைய பல்லு தேய்க்கற பிரஷ்ஷால அப்பளத்தோட ஓட்டைத் தேய்ச்சுக் கழுவும்போது அவ பார்த்தா. மாமா, இது உள்ள போகவே மாட்டேங்குது மாமா, பாருங்களேன்னா. குரல் உடைஞ்சுபோச்சு அவளுக்கு. எங்க வீட்டுக்குள்ள புகுந்து கெடுத்தது எதுன்னு அப்ப எனக்குத் தெரிஞ்சுது, ஆமை இல்ல.

பேரைக் கூப்பிடறாங்க. அப்பளம்னே கூப்பிடறாங்க, கிளிக்காரம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. உள்ளே குளிர். டாக்டரம்மா சின்ன வயசு, நெத்தியில ஒரு பொட்டு, கையுறை போட்டுக்கிட்டு டப்புலேருந்து அதைத் தூக்கித் தராசுல வெக்கறாங்க, காலுக்குப் பக்கத்துல பிதுங்கின சதையை விரலால அமுக்கிப் பாக்கறாங்க. அது வாயைத் திறக்குது, சத்தம் வராது அதுக்கு, அதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு. எக்ஸ்ரேவை வெளக்குப் பலகையில மாட்டிப் பாக்கறாங்க. முட்டை ஒண்ணும் அடைச்சிருக்கலங்கறாங்க. அப்புறம் கேக்கறாங்க, நான் நினைச்ச அதே கேள்வி, மீன் எவ்வளவு குடுக்கறீங்க. எனக்கு முன்னாடி சிந்துஜா பதில் சொல்லிட்டா. வாரம் ரெண்டு நெத்திலிதான் டாக்டர், மாமாதான் குடுக்கறார், அவர் குடுத்தா அளவு மாறாதுன்னா. டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிட்டு, அப்ப கொழுப்பா இருக்க வாய்ப்பு கம்மி, உள்ள தண்ணி கோத்திருக்கணும் இல்ல ஏதாவது கட்டியா இருக்கணும், மயக்கம் குடுத்து ஊசி போட்டு எடுத்துப் பாத்துடலாங்கறாங்க. மயக்க மருந்து இந்த மாதிரி ஜீவனுக்குக் கொஞ்சம் ஆபத்துதான், சில சமயம் எழுந்திருக்காம போயிடும், உங்களுக்குச் சம்மதம்னாத்தான் பண்ணுவேங்கறாங்க. சிந்துஜா அது ஓட்டு மேல கையை வெச்சுக்கிட்டு நிக்கறா. பண்ணுங்க டாக்டர்னு சொல்லப்போறா, உதடு அசையுது. நான் சுவத்தைப் பாக்கறேன், சுவத்துல கடிகாரம், கடிகாரத்துல ஒரு கம்பெனி பேரு, அதை எழுத்துக் கூட்டிப் படிக்கறேன், வாயைத் திறடா கோதண்டபாணி, ஊர்ல எத்தனை பேரை வாயைத் திறக்க வெச்சிருப்ப, உன் வாய் மட்டும் என்ன ஒட்டிக்கிச்சா.

"ஊசி வேணாம்மா. நான் தினமும் குடுத்தேன்."

தினமும்னா எவ்வளவு சார்னு கேட்டாங்க. கை நிறையன்னேன். கீரை சாப்பிடுதான்னாங்க. வைகாசிக்கு அப்புறம் தொடவே இல்லன்னேன். காது ரெண்டும் சுடுது எனக்கு. திட்டுவாங்கன்னு நினைச்சேன், நாலு வார்த்தை கேட்டா நல்லா இருக்கும்னுகூட இருந்துச்சு. டாக்டரம்மா கையுறையைக் கழட்டிக்கிட்டே, பாசத்துல எல்லாரும் பண்றதுதான் சார், அது வந்து கண்ணாடியில நின்னா மனசு கேக்காது, இப்பவாவது சொன்னீங்களே, வெறும் கொழுப்புன்னா சரி பண்ணிடலாம், ஊசி ஒண்ணும் வேணாங்கறாங்க. மீன் இனிமே அடியோட நிறுத்தணும். கீரை மட்டும் போடணும், முதல்ல தொடாது, நாள் கணக்குல பட்டினி கிடக்கும், பாத்துக்கிட்டு இருக்கறவங்கதான் மனசைக் கல்லாக்கிக்கணும். நான் சரி சரின்னேன். பாசம்னு சொல்லிட்டாங்க. பாதி உண்மையைச் சொல்லிட்டு மீதியைப் பாசத்துக்கு அடியில தள்ளி வெச்சுட்டு வந்துட்டேன். அசிங்கமா இருந்துச்சு, அதுக்கு நடுவுல தப்பிச்சோம்னு ஒரு சந்தோஷமும் இருந்துச்சு, அதான் இன்னும் அசிங்கம். சிந்துஜா அப்பளத்தைத் தூக்கி டப்புல விட்டா, எக்ஸ்ரேவைக் கவர்ல போட்டா, படியில இறங்கும்போது பாத்து மாமா, படி வழுக்குதுன்னு மட்டும் சொன்னா.

ஆட்டோவுல டப்பு மறுபடி என் மடியில. கீழ்ப்பாக்கம் சிக்னல்ல நிக்குது, பக்கத்துல தண்ணி லாரி, சத்தத்துல ஒண்ணும் கேக்காது. லாரி நகர்ந்ததும் அவ ரோட்டைப் பார்த்துக்கிட்டே, ரொம்ப சாதாரணமா, மளிகை வாங்கப்போற மாதிரி கேட்டா. "சாம்பிராணி தீந்துபோச்சு மாமா. வாங்கணுமா, இல்ல இனிமே வேணாமா?" எனக்கு ஸ்டென்ட் வெச்ச இடத்துல ஒரு அடி விழுந்துச்சு. திரைச்சீலையில வாசனை நிக்கும் மாமா, நான் திருவொற்றியூர்ல பிறந்தவ, வறுத்த நெத்திலி எனக்குத் தெரியாதான்னா. ஆடி மாசமே தெரியும்னா. வேண்டிக்கிட்டது நான், நீங்க இல்ல, உங்க பேர்ல வேண்டுதலை வெச்சுட்டு உங்களையும் கட்டிப்போடறது என்ன நியாயம்னு விட்டுட்டேன், ஹரிக்குத் தெரிஞ்சா கத்துவார்னு சொல்லலன்னா. அப்ப வஞ்சிரம் வறுத்த அன்னைக்கு, வாயைக் கட்டிக்கிட்டு இருந்தீங்கன்னு ஹரி எதிர்ல சொன்னது, எனக்காக சொன்னது. நான் முள்ளு தேடினதையும் பார்த்திருப்பா. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு கேட்டா, அதுதான் அவளுக்கு வலிச்ச இடம்னு எனக்குத் தெரிஞ்சுது. "நீங்க சாப்பிட்டது சரி. அதுக்கு எதுக்கு மாமா குடுத்தீங்க?"

பாசம்னு சொல்லலாம். டாக்டரே சொல்லிக் குடுத்துட்டாங்க, நோகாத வார்த்தை, அப்படியே எடுத்து நீட்டிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"தனியாச் சாப்பிட முடியலம்மா"ன்னேன்.

அவ என் பக்கம் திரும்பல. துப்பட்டாவால மூக்கைத் துடைச்சுக்கிட்டா. ஆட்டோ அயனாவரம் பக்கம் திரும்பினப்ப, நாளைலேருந்தும் நீங்கதான் மாமா அதுக்குப் போடணும்னா. நானான்னு கேட்டேன். நீங்கதான், கீரை மட்டும், உங்களைப் பார்த்தாத்தான் அது வரும், வந்து நிக்கும், நீங்க எழுந்து போயிடக் கூடாது, அது தின்னற வரைக்கும் பக்கத்துலயே உட்காருங்கன்னா. திட்டியிருக்கலாம் இவ. வேலையைப் பிடுங்கி யார்கிட்டயாவது குடுத்திருக்கலாம். மறுபடி என்னையே நம்பறா, நான் எங்க கொண்டுபோய் மூஞ்சியை வெச்சுக்கறது. ஆட்டோ பள்ளத்துல இறங்கிக் குலுங்கிச்சு, டப்பு சாயாம இருக்கக் கையை உள்ள விட்டுப் பிடிச்சேன். காலைல புளி போட்டுத் தேய்ச்ச கைதான், இருந்தாலும் அதுக்குத் தெரிஞ்சுடுச்சு. இவ்வளவு நேரமா ஒளியப் பார்த்துக்கிட்டு இருந்தது கழுத்தை நீட்டி என் விரல்கிட்ட வந்து வாயைத் திறந்துச்சு. கையை எடுத்துடணும்னு தோணுச்சு. எடுக்கல. வீடு வர்ற வரைக்கும் அது வாயைத் திறந்துக்கிட்டே இருந்துச்சு, நான் வெறுங்கையை அப்படியே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.